லெப்பையின் பித்தளை வில்லை

“புதையல் இல்லாம கப்பலுக்குத் திரும்புனா மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கிறது? நீயே சொல்லுலே!”

தீவு மணலைக் காலால் எத்திக்கொண்டு இப்படிக் கத்தியவன் முகம்மது லெப்பை. காயல்பட்டினத்துப் பையன். ஆள் ஒல்லி, வாய் பெரிசு, மறதி அதைவிடப் பெரிசு. கத்தியது தன் உயிர்த் தோழன் இசக்கிராஜிடம். இசக்கிக்கு ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவன். கடல்படிப்புக்காகத் தூத்துக்குடி வந்த இடத்தில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சோப்பு, சில நாள் ஒரே சட்டை.

இருவரும் இப்போது ‘முத்துநங்கை’ என்ற பயிற்சிக் கப்பலின் மாணவ மாலுமிகள். இரண்டு பாய்மரம், பேருக்கு ஒரு சின்ன எஞ்சின். மற்றபடி காற்றை நம்பித்தான் பிழைப்பு. கயிறு இழுப்பது, பாய் விரிப்பது, தளம் கழுவுவது, சமையலுக்கு வெங்காயம் உரிப்பது என்று எல்லா வேலையும் பிள்ளைகள் தலையில்தான். உள்ளங்கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, தோல் தடித்தால்தான் அந்தக் கப்பலில் ஒருவனை ஆள் என்று மதிப்பார்கள்.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடித்துப் போகிற ஒவ்வொரு அணியும், வழியில் இருக்கும் ஆளில்லாத் தீவு ஒன்றில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை ஒளித்து வைத்துவிட்டுப் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வரைபடத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். அடுத்த அணி கண்டுபிடித்தால் சரி. கண்டுபிடிக்காவிட்டால் சமையலறைக் கதவில் ‘கோட்டை விட்ட கூட்டம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே அத்தனை பேர் பெயரையும் போட்டுவிடுவார்கள். அந்தக் கதவில் இதுவரை யார் பெயரும் ஏறியதில்லை. அப்புறம் லெப்பை கத்தாமல் என்ன செய்வான்?

காலையிலிருந்து மொத்தக் கூட்டமும் தென்னை மரத்தடி, தாழம்புதர், பாறை இடுக்கு எல்லாம் தோண்டிப் பார்த்தாயிற்று. வரைபடத்தில் ஒரு வரி எழுதியிருந்தது: ‘நடந்து வந்தால் கிடைப்பேன், நீந்தி வந்தால் கிடைக்க மாட்டேன்.’ அதை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதை சொன்னார்களே தவிர, டிரம் கிடைத்தபாடில்லை.

திடீரென்று லெப்பை துள்ளினான். “ஏலே! வடக்கு முனையில அந்த மணல் தீடை இருக்குல்லா? தண்ணி வத்துனாத்தான் அது வெளிய தெரியும். அப்ப நடந்து போலாம். ஏறிட்டா முங்கிரும். அங்கதாம்லே இருக்கு!”

இசக்கிக்கும் பொறி தட்டியது. இருவரும் ஓடுவதற்குக் கால் எடுத்தார்கள். அதே நேரம் கப்பலிலிருந்து சங்கு ஊதியது. நீளமாக, விடாமல், மூச்சு வாங்காமல் ஊதியது. உடனே திரும்பு என்று அதற்கு அர்த்தம். மேற்கே பார்த்தால், கடலுக்கு மேல் வானம் கறுத்துக் கிடந்தது. அதுவரை வடக்கிலிருந்து வீசிய காற்று செத்துப் போய், மேற்கிலிருந்து முதல் குளிர்ச்சி முகத்தில் அடித்தது.

“கச்சான் காத்து வருதுலே. வா, போயிருவோம்” என்றான் இசக்கி.

“நீ முதல் படகுல போ. ஒரே ஓட்டம்! தூக்கிட்டு ரெண்டாவது படகுல வந்திருதேன்.”

“வேண்டாம்லே லெப்பை...”

சொல்லி முடிப்பதற்குள் லெப்பையின் சிவப்புச் சட்டை தாழம்புதருக்குள் மறைந்துவிட்டது. பின்னாலேயே ஓடுவதா, படகுக்குப் போவதா என்று இசக்கி ஒரு நிமிஷம் திணறினான். கரையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படகுக்குப் போனான்.

முத்துநங்கை தீவின் மேற்குப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தது. வடக்குக் காற்றுக்கு அது பத்திரமான இடம். மேற்குக் காற்று அடித்தாலோ, கப்பலைத் தூக்கிப் பின்னாலிருக்கும் பார்மேல், அதாவது பவளப் பாறைமேல், போட்டு உடைத்துவிடும். அதனால்தான் அவ்வளவு அவசரம்.

இங்கே ஒரு பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பலில் ஏறும் இடத்தில் ஒரு தேக்குப் பலகை. அதில் மூன்று வரிசை ஆணிகள். மேல் வரிசை பாய்மரம், நடு வரிசை கப்பல், கீழ் வரிசை கரை. ஒவ்வொருவருக்கும் பெயர் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. மரம் ஏறினால் வில்லையை மேலே மாட்டவேண்டும். கரைக்குப் போனால் கீழே. திரும்பினால் நடுவில். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கவே வேண்டாம், பலகையைப் பார்த்தால் போதும்.

கேப்டன் ஃபிலோமினா மச்சாடோ முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: “உன் வில்லையை உன் கைதான் தொடணும். அம்மா வந்தாலும் சரி, ஆண்டவரே வந்தாலும் சரி, இன்னொருத்தர் கை அதில் படக்கூடாது!” தூத்துக்குடிக்காரம்மா, குரலே பாதி வேலை வாங்கிவிடும்.

நம்ம லெப்பையோ, திரும்பி வந்த பிறகு வில்லையை மாற்ற இரண்டு தடவை மறந்து, இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தான். மூன்றாவது எச்சரிக்கை வந்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறங்கவேண்டியதுதான். சான்றிதழும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

இரண்டாவது படகு கப்பலை ஒட்டி வந்தபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் மழைக்கோட்டு, தலையை மூடிக்கொண்டு. ஏணியில் தடதடவென்று ஏறினார்கள், ஆளாளுக்கு வில்லையை மாற்றிவிட்டுக் கயிற்றுக்கு ஓடினார்கள். இசக்கி தள்ளி நின்று பார்த்தான். ஒல்லியாக ஒரு மஞ்சள் கோட்டு முன்பாய்ப் பக்கம் ஓடியது. அப்பாடா, வந்துவிட்டான் என்று மூச்சு விட்டான். பிறகு பலகையைப் பார்த்தான். கரை வரிசையில் ஒரே ஒரு வில்லை ஆடிக்கொண்டிருந்தது: மு. லெப்பை.

‘பாவிப் பய, மறுபடியும் மறந்துட்டான்!’

கேப்டன் பலகையைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். இசக்கியின் கை யோசிக்கவே இல்லை. கல்லூரியில் எத்தனை வகுப்பில் இவனுக்காக அவனும் அவனுக்காக இவனும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லியிருக்கிறார்கள்! ப்ராக்ஸி கொடுப்பது நட்புக்கு அழகு என்று வளர்ந்த பிள்ளைகள். வில்லையை எடுத்தான், நடு ஆணியில் மாட்டினான், நகர்ந்துவிட்டான். ஐயோ, அந்தக் கையை என்ன செய்தால் தகும்!

கேப்டன் வந்தார். கரை வரிசை காலி. “எல்லாரும் வந்தாச்சு. நங்கூரத்தைத் தூக்கு!”

சங்கிலி கடகடவென்று ஏறியது. பாய் படபடத்து விரிந்தது. அலை ஒவ்வொன்றும் முன்பக்கம் மோதித் தளமெல்லாம் தண்ணீர். கப்பல் பாரைவிட்டு இஞ்ச் இஞ்சாக விலகியது. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க நேரமில்லை. இழு, விடு, பிடி, கட்டு! கை எரிய எரிய இழுத்தார்கள்.

ஒருவழியாகக் கப்பல் திறந்த கடலுக்கு வந்ததும் இசக்கி முன்பாய்ப் பக்கம் போனான். ஒல்லி மஞ்சள் கோட்டின் முதுகில் ஒன்று வைத்தான். “ஏலே, டிரம் கெடச்சுதா?”

கோட்டு திரும்பியது. அது லெப்பை இல்லை. உவரிக்காரப் பெண் ஜெனோவா. இரண்டாவது படகுக்குப் பொறுப்பாக வந்தவள் அவள்தான்.

“என்ன டிரம்?” என்றாள்.

“லெப்பை எங்க?”

“லெப்பையா? அவன் உன் கூடல்லா முதல் படகுல வந்தான்?”

இசக்கி அவள் கோட்டைப் பிடித்தான். “இல்ல. உன் படகுல வாறேன்னான்.”

“நீங்க ரெண்டு பேரும் என்னைக்கு தனித்தனியாப் போயிருக்கிய? உன் கூடத்தான் போயிருப்பான்னு எல்லாரும் சொன்னாங்க...”  அவள் பலகைப் பக்கம் பார்த்தாள். “ஆனா அவன் வில்லை இங்கன இருக்கே?”

இசக்கி தன் கையைப் பார்த்தான். அவன் முகமே சொல்லிவிட்டது.

“அட படுபாவி” என்றாள் ஜெனோவா. “ஓடு! மேடம்கிட்டச் சொல்லு! நிக்காத!”

அவன் உடனே ஓடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் படுக்கைக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். சமையலறைக்குள் பார்த்தான். கயிற்று அறையைத் திறந்து “லெப்பை! ஏ லெப்பை!” என்று கூப்பிட்டான். எங்காவது இருந்துவிடமாட்டானா, விளையாட்டுக்கு ஒளிந்திருக்கமாட்டானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கயிற்று அறையில் கயிறுதான் இருந்தது. அப்புறம்தான் ஓடினான். அந்த நேரத்திலும் கப்பல் தீவைவிட்டு விலகிக்கொண்டேதான் இருந்தது.

கேப்டன் மச்சாடோ சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். “மேடம்... லெப்பை கப்பல்ல இல்ல. தீவுல இருக்கான். நான்தான் அவன் வில்லைய மாத்துனேன்.” சொல்லும்போதே இசக்கிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கேப்டன் அவனைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. “அழுகையை அப்புறம் வச்சுக்க. தீவில் எங்க?”

“வடக்குத் தீடைக்கு ஓடுனான் மேடம். டிரம் அங்கதான் இருக்குன்னு.”

பக்கத்தில் நின்ற வியாகுலம் அண்ணாச்சி கடலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கப்பலின் தண்டல் அவர். கயிறு, பாய், படகு எல்லாம் அவர் பொறுப்பு. “தண்ணி ஏத்தம் ஆரம்பிச்சாச்சு மேடம். இந்தக் கச்சான் வேற தள்ளுது. பொழுது சாயுறதுக்குள்ள தீடை முங்கிரும்.”

“அவன் தீவுக்கே திரும்பியிருக்கலாம்ல அண்ணாச்சி?” என்றான் இசக்கி.

“திரும்பியிருந்தா நல்லது. மாதாவே, திரும்பியிருக்கட்டும்.”

மேற்குப் பக்கம் திரும்பிப் போகமுடியாது. போனால் கப்பலும் போகும், அத்தனை பிள்ளைகளும் போகும். ஒரே வழிதான் இருந்தது. தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு தீவின் கிழக்குப் பக்கம் போகவேண்டும். அங்கே காற்று தணிந்திருக்கும். படகை இறக்கி, கரையேறி, தீவைக் குறுக்கே கடந்து வடக்கு முனைக்கு ஓடலாம்.

“தெற்கே திருப்பு!” என்றார் கேப்டன். பிறகு இசக்கி பக்கம் திரும்பினார். “நீ போய் அவன் வில்லையைக் கரைப் பக்கம் மாட்டு. நீ செஞ்சதை நீயே திருத்து. அப்புறம் லெப்பை வந்து தன் கையால எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது. கேட்டுதா எல்லாருக்கும்?”

இசக்கி மாட்டினான். கரை வரிசையில் ஒற்றை வில்லை. கப்பல் ஆடும்போதெல்லாம் அது பலகையில் டக் டக் என்று தட்டியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வேலை செய்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 

தெற்கு முனையில் திரும்பும்போது வந்தது அடுத்த வில்லங்கம். முன்பாயின் கயிறு மேலே கப்பியில் சிக்கிக்கொண்டது. பாயை இறக்கமுடியவில்லை. அந்தப் பாய் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை கப்பல் கிழக்கே திரும்ப மறுத்தது.

“நான் ஏறுதேன் மேடம்” என்றான் இசக்கி.

“உனக்குக் கை நடுங்குது.”

“நடுங்கட்டும் மேடம். பிடிக்கும்.”

கேப்டன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இசக்கி தன் வில்லையை எடுத்து மேல் வரிசையில் மாட்டினான். இடுப்புக் கொக்கியைச் சரிபார்த்தான். ஏறினான். மழை கண்ணில் குத்தியது. மரம் இந்தப் பக்கம் கடலுக்கு மேல் சாய்ந்தது, அந்தப் பக்கம் கடலுக்கு மேல் சாய்ந்தது. கீழே பார்க்காதே, கயிற்றை மட்டும் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கப்பிக்குள் முறுக்கிக் கிடந்த கயிற்றை நகத்தால் நெம்பினான். நகம் பிய்ந்தது. கயிறும் விட்டது!

இறங்குவதற்கு முன் வடக்கே பார்த்தான். தீவின் முனையைத் தாண்டி நுரைக்கு நடுவில் வெளிறிய மணல் ஒரு பாய் அகலத்துக்குத் தெரிந்தது. அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி.

“தீடையிலதான் இருக்கான்! உயிரோட இருக்கான்! கைய ஆட்டுதான்!”

கீழே ஒரு ஆரவாரம் எழுந்து உடனே அடங்கியது. உயிரோடு இருக்கிறான், சரி. ஆனால் ஏன் இன்னும் தீடையிலேயே நிற்கிறான்? ஏன் வரவில்லை? அதைத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

கிழக்குப் பக்கம் கப்பல் நின்றதும் படகு இறங்கியது. வியாகுலம் அண்ணாச்சி, ஜெனோவா, இசக்கி மூவரும் தங்கள் வில்லையைக் கரை வரிசைக்கு மாற்றிவிட்டு ஏறினார்கள். கூட நீளக் கயிறு ஒரு சுருள், மிதவை வளையம் ஒன்று. கரை தட்டியதுமே குதித்து ஓடினார்கள். தாழை முள் கையைக் கிழித்தது, காலைக் கிழித்தது. யார் கவனித்தார்கள்? சூரியன் மேகத்துக்கு அடியில் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

வடக்கு முனைக்கு வந்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள். காலையில் கணுக்காலளவு தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓடை சுழித்துப் பாய்ந்தது. அந்தப் பக்கம் மணலே இல்லை. தொடைவரை தண்ணீரில் லெப்பை நின்றான், நீல டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு அலைக்கும் தள்ளாடினான்.

“லெப்பை! நீந்தி வாலே!”

“கால் கிழிஞ்சு போச்சுலே! பார்க்கல்லு வெட்டிட்டு! ஊனவே முடியல!”

இசக்கி சட்டையைக் கழற்றினான். “நான் போறேன் அண்ணாச்சி. கயித்தக் கட்டுங்க.”

வியாகுலம் அண்ணாச்சி கயிற்றை எடுத்து ஜெனோவாவின் இடுப்பில் கட்டத் தொடங்கினார்.

“அண்ணாச்சி! நான்தான் போகணும். என்னாலதான் இவ்வளவும்!”

“ஏலே, வாய மூடு. நீ ஆத்துல நீந்துனவன். இவ இந்த மாதிரி ஓட்டத்துல பொறந்து வளந்தவ. உன் பாவத்தக் கழுவுறதுக்கு இது இடமில்ல. வேணும்னா கயித்தப் பிடி. விட்டேன்னா ரெண்டு பேரும் போயிருவாங்க, பாத்துக்க.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் அண்ணாச்சி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இசக்கி கயிற்றை முதுகுப் பக்கமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மணலில் குதிகாலைப் புதைத்தான். ஜெனோவா மிதவை வளையத்தைத் தோளில் மாட்டினாள். “ரெண்டு தடவ சுண்டுனா இழுங்க” என்றாள். நேராக லெப்பையைப் பார்த்துப் போகாமல் ஓட்டம் வருகிற மேற்குப் பக்கம் நன்றாக ஏறி நடந்து, சிலுவை போட்டுக்கொண்டு குதித்தாள். ஓட்டம் அவளை அடித்துக்கொண்டு வந்தது. அந்த ஓட்டத்திலேயே அவள் குறுக்கே வெட்டி வெட்டிப் போனாள்.

கயிறு இசக்கியின் கையில் வழுக்கி ஓடியது. விடு, விடு, கொஞ்சம் கொஞ்சமாக விடு! ஒரு பெரிய அலை எழுந்தது. ஜெனோவாவின் தலை காணவில்லை. லெப்பையையும் காணவில்லை. கயிறு தொய்ந்தது.

“அண்ணாச்சி... கயிறு தொய்யுது... அண்ணாச்சி!”

“விட்டுராத. இரு. இரு!”

இசக்கிக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் வாயில் வந்தது. லெப்பை கும்பிடுகிற சாமியையும் கூப்பிட்டான். சொரிமுத்து ஐயனாரே, அல்லாவே, அவனைக் குடுத்துரு, அவனைக் குடுத்துரு!

சுண்டியது. ஒன்று.  இரண்டு!

“இழுலே!”

இழுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தம். கொப்பளம் தடித்த அந்தக் கைகள் அன்றைக்குத்தான் உண்மையில் கப்பல்காரன் கைகளாக வேலை செய்தன. நுரையிலிருந்து முதலில் நீல டிரம் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு லெப்பை. அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஜெனோவா.

கரையில் விழுந்து கிடந்து மூன்று பேரும் இருமினார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். லெப்பையின் பாதம் கிழிந்து சதை தெரிந்தது. அண்ணாச்சி தன் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினார்.

“உன்ன விட்டுட்டுக் கப்பல் கெளம்புனதுக்கு நான்தாம்லே காரணம்” என்றான் இசக்கி. “உன் வில்லைய நான் மாத்திட்டேன். நீ மறந்துட்டேன்னு நெனச்சு மாத்திட்டேன்.”

லெப்பை அவனையே பார்த்தான். உதடு நீலம் பாய்ந்து நடுங்கியது.

“கப்பல் போறத நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்லே” என்றான் மெதுவாக. “எனக்குப் பயமே வரல. ஏந்தெரியுமா? என் வில்லை கரைப் பக்கம் தொங்கும்லா, இப்பப் பாப்பாங்க, இப்பத் திரும்பிரும்னு நெனச்சுக்கிட்டே நின்னேன். வேற யாரு பாக்காட்டியும் நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்.”

இசக்கி முகத்தை இரண்டு ரத்தக் கையாலும் மூடிக்கொண்டு குலுங்கினான். லெப்பை நகர்ந்து வந்து தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். “சரி, விடுலே. எந்திரி. எனக்கு நடக்க முடியாது, தூக்கு.”

இசக்கி தூக்கினான். தீவைக் கடந்து படகுவரை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

கப்பலில் அத்தனை பேரும் பலகைக்கு முன்னால் கூடி நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை, கத்தவில்லை. மற்ற மூவரும் தங்கள் வில்லையை நடுவில் மாட்டிய பிறகு, லெப்பை ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வந்தான். கரை வரிசையில் தனியாகக் கிடந்த வில்லையை எடுத்தான். நடு ஆணியில் மாட்டினான். அப்புறம்தான் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! கப்பலே குலுங்கியது.

கேப்டன் மச்சாடோ லெப்பையின் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினார். “மூணாவது எச்சரிக்கை உனக்கு உண்டு. சங்கு ஊதினா திரும்பணும்னு தெரியாது? இறங்குறதெல்லாம் வேண்டாம். கால் ஆறுற வரைக்கும் உட்கார்ந்து வெங்காயம் உரி.”

இசக்கி பெட்டியைக் கட்டுவதற்குத் தயாராக நின்றான். “நான் அடுத்த துறைமுகத்துல இறங்கிக்கிடுதேன் மேடம்.”

“ஊருக்குப் போனா மறந்துடுவ. இங்கேயே இரு. இனிமே பலகை உன் பொறுப்பு. ஒவ்வொருத்தர் வரும்போதும் பேரைச் சொல்லு, முகத்தைப் பாரு. முகத்தைப் பாக்காம ஒரு வில்லைகூட நகரக்கூடாது.” பிறகு ஜெனோவாவின் பக்கமும் திரும்பினார். “நீயும்தான். ‘போயிருப்பான்’னு யாரோ சொன்னதை நம்பி ஒரு படகைக் கரையிலிருந்து கிளப்பலாமா?” ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரம்மைத் திறந்தார்கள். உள்ளே முந்தைய அணி மொத்தப் பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு வெள்ளைச் சட்டை. கூடவே ஒரு பெரிய பொட்டலம் கோவில்பட்டி கடலைமிட்டாய். பல்லை உடைக்கும் அளவுக்குக் கல்லாகியிருந்தது. “இதுக்காலே உயிரக் குடுக்கப் போன?” என்று ஜெனோவா கேட்டாள். லெப்பை ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றான்.

மறுநாள் கடல் அடங்கியதும் டிரம்மைத் திரும்ப ஒளித்தார்கள், எந்த ஏற்றமும் தொடாத மேட்டில். உள்ளே புது மிட்டாய், எல்லாரும் கையெழுத்துப் போட்ட சட்டை, கூடவே சத்தமாக ஊதும் ஒரு விசில்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து சேர்ந்த நாளில் பெற்றவர்கள், உற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். மாலை என்ன, மேளம் என்ன! சமையலறைக் கதவு சுத்தமாக இருந்தது. ஒவ்வொருவராக வில்லையைக் கரை வரிசைக்கு மாற்றிவிட்டு இறங்கினார்கள். இசக்கி பலகைப் பக்கம் நின்று பேரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து அனுப்பினான். நடுவே சரக்குக் கயிறு இழுக்க ஒரு தடவை அவனைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் கப்பல் காலி. நடு வரிசையில் இரண்டே வில்லை. ஒன்று அவனுடையது. இன்னொன்று மு. லெப்பை.

கீழே லெப்பை அவன் உம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, கூட்டத்தைத் தாண்டி, வாசல் பக்கம் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தான். காலில் இன்னும் கட்டு. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வில்லை. யாரும் பார்க்கவில்லை. பயணமும் முடிந்துவிட்டது.

இசக்கி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஏலே லெப்பை! திரும்பி வாலே!”

கூட்டமே திரும்பிப் பார்த்தது. லெப்பை நின்றான், பலகையைப் பார்த்தான், நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான்.

“எதுக்கு மவனே மறுபடியும் அங்கே? அதான் வந்து சேந்துட்டியே” என்று உம்மா கையைப் பிடித்தாள்.

“இல்ல உம்மா, நான் இன்னும் எறங்கல” என்றான் லெப்பை. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்தான். இசக்கி காத்திருந்து, அவன் முகத்தைப் பார்த்து, “முகம்மது லெப்பை” என்று பெயர் சொன்னான். லெப்பை தன் வில்லையைத் தன் கையால் எடுத்துக் கரையில் மாட்டினான். பிறகு இசக்கியும் தன்னுடையதை மாட்டினான். இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினார்கள்.